வெடிக்கும் மருந்தும் எரியும் மருந்தும்

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இங்கே வரும் கூட்டத்தில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பேச்சில் ‘மருந்து’ என்றால் பட்டாசுக்குள் போகும் கலவை. துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருப்பதற்கும் தமிழில் அதே பெயர்தான். பட்டாசுக்கு மருந்து செலுத்துவது, குறி பிசகாமலிருக்க ரைஃபிள் தோட்டாவைக் கையாலேயே நிரப்புவது: இந்த இரண்டு கைவேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பட்டாசு மருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் காகிதத்தைக் கிழித்துச் சத்தம் எழுப்ப வேண்டும். தோட்டா மருந்து அப்படி வெடித்தால் துப்பாக்கியே சிதறும். அது சீராக எரிந்து, பெருகும் வாயுவால் குண்டைக் குழல் வழியே தள்ள வேண்டும். முன்னதில் அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு போன்றவை கலந்திருக்கும். பின்னது 1884இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தது. நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் உயிர். நீலகிரி அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இந்த இனத்து மருந்துக்கே பேர்பெற்றது.

அளவில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. சரவெடியில் ஒரு வெடி சற்றுக் கம்மியாக ஒலித்தால் யாரும் கவனிப்பதில்லை. தோட்டா நிரப்புகிறவரோ ‘கிரெய்ன்’ கணக்கில் நிறுக்கிறார். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். தராசு அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். பித்தளைக் கூடுகள் ஒரே நீளம், குண்டு இறங்கும் ஆழம் ஒன்றே. அச்சிட்ட கையேடு சொல்லும் குறைந்த அளவில் தொடங்கி, உச்ச வரம்பைத் தாண்டாமல் சிறு படிகளாக ஏறுகிறார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுகிறார். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. மூன்று குண்டுகள் ஒரே இடத்தில் பாய்வது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், பத்தும் பாய்ந்தால்தான் நம்புகிறார். துல்லியம் என்பது ஒன்றைப் போலவே அடுத்ததும் இருப்பதுதான்.

இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். .22 தோட்டாவிலோ, பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி நிரப்ப வழியில்லை. ஆகவே .22 ரைஃபிள் சுடும் போட்டியாளர்கள் ஆலைத் தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவரும் தொகுதியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வழி மாறினாலும் தேடுவது அதே சீர்மையைத்தான்.

பிழையின் விலை இரண்டிலும் உயிர்தான். தோட்டாவில் மருந்து கூடினால் அதைச் சுடுபவரையே முதலில் தாக்கும். பட்டாசு அறையில் ஓர் உராய்வு பக்கத்து அறைகளையும் சேர்த்துப் பிடிக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரம்பு இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு என்னை உறுத்துகிறது. இருபது தோட்டாக்களுக்கு ஒரு மாலைப்பொழுதையே கொடுக்கத் துப்பாக்கிக்காரரால் முடிகிறது. பட்டாசு அறையில் பல இடங்களில் எண்ணிக்கைக்குத்தான் கூலி; நிதானித்தால் அன்றைய வருமானம் குறையும். கைத்திறனில், அந்த அறைகளில் உழைக்கும் நம் பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைக்காதது நிதானம். அந்த நிதானத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால்தான் வரம்புகள் அறைக்குள்ளும் மதிக்கப்படும்.