ஆழ்வார் பிறந்த மண்ணில் தமிழ்ப் படிப்பு

தை மக மலருக்குக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தார்கள். அடியேனுக்கு அது பேறு. ஜகந்நாதப் பெருமாள் சந்நிதியில் நிற்போருக்குத் திருமழிசைப் பிரானின் சரிதையை நான் சொல்ல வேண்டியதில்லை. பிரம்பறுக்கும் திருவாளன் வளர்த்த பிள்ளை, சமணம், பௌத்தம், சைவம் எல்லாம் கற்றுப் பார்த்த பிறகே திருமாலுக்கு ஆட்பட்டார் என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வது பற்றி எழுத, அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்த விருத்தத்தின் முதற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் இறங்கி வருகின்றன. மண்ணுக்கு ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என ஐந்து குணங்கள். நீருக்கு நாற்றம் இல்லை, ஆகவே நான்கு. தீக்குச் சுவையும் போய் மூன்று. காற்றுக்கு ஓசையும் ஊறும். வானுக்கு ஓசை ஒன்றே. அத்தனையுமாய் நிற்பவன் ஒருவனே என்கிறார் ஆழ்வார். யாப்பு தெரிந்தவனுக்குச் சந்தம் பிடிபடும். பூத தத்துவம் தெரியாவிட்டால் பொருள் பிடிபடாது. பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்துக்குள் போக மணிப்பிரவாளப் பழக்கமும் வேண்டும். நான்கு அடியைப் படிக்கவே இலக்கணம், தத்துவம், உரைமரபு மூன்றும் கூட வேண்டியிருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு பாட்டை நடத்தலாம் என்பது என் துணிபு.

இந்தப் படிப்பு நமக்குத் தானாக வந்துவிடவில்லை. 1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் யோசனை எழுந்தபோது, பரிதிமாற் கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்று காத்தார்கள். மறு ஆண்டே பரிதிமாற் கலைஞர் மறைந்தார், வயது 33. பின்னாளில் மு. வரதராசனார், தனியே படித்து 1935-இல் வித்துவான் தேர்வில் முதலாவதாக வந்தார். 1948-இல் அதே பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் முனைவரானார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது வேறு கதை.

தாய்மொழியைப் பட்டப்படிப்பாக்கிக் காப்பது நம் நாட்டோடு நிற்கும் கதையும் அல்ல. ஹவாய்த் தீவுகளில் 1896-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. 1978-இல்தான் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழி ஆயிற்று. இன்று ஹீலோ நகரப் பல்கலைக்கழகத்தில் அம்மொழியை இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கிறார்கள்.

நம் பக்கத்திலோ ஆவடியை அடுத்து ஒரு ரயில் நிலையத்துக்கே இந்துக் கல்லூரி என்று பெயர். ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை தமிழ் எடுக்கிறேன் என்றால், வேறு பாடம் கிடைக்கவில்லையா என்று வீட்டிலேயே கேட்கிறோம். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகளிடம் உடையவரே சந்தேகம் தீர்த்துக்கொண்டார் என்று பெருமை பேசும் நாம் அப்படிக் கேட்கலாமா?

வரும் தை மகத்தன்று விருத்தம் சேவிக்கும் கோஷ்டியின் பின்னால், தமிழ் படிக்கும் மாணவர் நால்வரையாவது அழைத்து வந்து நிறுத்துங்கள். வியாக்கியானப் புத்தகத்தை அடியேன் கொண்டு வருகிறேன்.