தங்கத்தின் விலையும் கொடுப்புப் பல்லும்

வேர்ச் சிகிச்சை முடிந்த எனது கொடுப்புப் பல்லொன்றுக்கு ‘கிரவுன்’ எனப்படும் உறை போட வேண்டும் என்று பல் வைத்தியர் கூறினார். தங்கம், உலோகத்தின் மீது பீங்கான், சிர்கோனியா என மூன்று மாதிரிகளை மேசையில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டார். ஒரு வார அவகாசம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். எதையும் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்த பின்னரே தீர்மானிப்பது பத்திரிகைக்காரனின் பழக்கம்.

மூன்றில் தங்கமே மூத்தது. பிரான்சில் 1746 இல் கிளோட் மூட்டோன் எழுதிய நூலிலேயே தங்க உறை பற்றிய விவரம் இருக்கிறது. ஆனால் பல்லோடு இம்மியும் பிசகாது பொருந்தும் உறையை வார்ப்பதற்கு 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் வில்லியம் டகாட் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் மெழுகில் அச்சுச் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் தங்கத்தைப் பாய்ச்சும் முறையை அறிமுகப்படுத்தினார். கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் பொலநறுவை நடராசரை வார்த்த சிற்பிகளுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது!

தங்கம் உறுதியானது, எதிர்ப்பல்லைத் தேய்க்காதது. குறை அதன் நிறந்தான். டெட்ரோயிட் நகரில் சார்ள்ஸ் லாண்ட் என்பவர் பிளாட்டினத் தகட்டை அச்சாக வைத்துப் பீங்கானைச் சுட்டெடுத்து, 1903 இல் முழுப் பீங்கான் உறையை அறிமுகம் செய்தார். அத்திலாந்திக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பேர்க்கின் தாய்வழிப் பாட்டனார் இவரே. லாண்டின் உறை அழகாக இருந்தது. அழுத்திக் கடித்தால் உடைந்தது.

அழகையும் உறுதியையும் ஒன்றுசேர்க்கும் வழி, தங்கக் கலப்புலோகத்தின் மீது பீங்கானை உருக்கி ஒட்டுவதாக அமைந்தது. சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து சுருங்காவிடில் பீங்கான் வெடித்துவிடும். இச்சிக்கலைத் தீர்த்த காப்புரிமைகள் 1962 இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டன.

பிறகு நடந்தது வைத்தியத்துக்கு வெளியே. 1971 ஓகஸ்ட்டில் ஜனாதிபதி நிக்ஸன் டொலருக்கும் தங்கத்துக்கும் இடையிலான பிணைப்பை அறுத்தார். அவுன்ஸ் 35 டொலர் என்ற உத்தியோகபூர்வ விலை பழங்கதையாயிற்று. 1980 ஜனவரியில் சந்தை விலை 800 டொலரையும் தாண்டியது. பல் உறை செய்யும் கூடங்கள் நிக்கல் - குரோமியம் கலவைக்கு மாறின. நிக்கல் ஒவ்வாத உடம்புகளுக்கு அதனால் சங்கடம் உண்டாயிற்று. கணக்குப் புத்தகம் எடுத்த முடிவை முரசுகள் அனுபவித்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் அறிந்தேன். உலோகத்துக்கும் பீங்கானுக்கும் சேர்த்து இடம்விட வேண்டியிருப்பதால் இரண்டாவது வகைக்குப் பல்லை அதிகம் அராவ வேண்டும். தங்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை. முழுச் சிர்கோனியாவுக்கும் அப்படியே. கணினி வழியே கடைந்தெடுக்கப்படும் அந்த வெள்ளைப் பொருள் இந்த நூற்றாண்டிலேயே பரவலாகியது, எளிதில் உடையாது. அராவிய பல்லோ மீண்டும் வளராது.

அடுத்த வாரம் போய், "தங்கமே போடுங்கள் டொக்டர்" என்றேன். என்னுடையது கடைசிப் பல், சிரித்தாலும் தெரியாது. அவர் அன்றைய தங்க விலையைச் சொன்னார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, சிர்கோனியாவுக்கு அளவெடுக்க வாயைத் திறந்தேன்.