வர்ம நூல்களில் தலைக்காயக் குறிகள்

மணிமுத்தாற்றை ஒட்டி எழும் பொதிகை மலைத்தொடரை அகத்தியரின் இருப்பிடமாகக் கொள்ளும் மரபு, வர்ம நூல்கள் பலவற்றையும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வர்மங்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 ஆகும். உறுப்புவழிப் பகுப்பில் தலைக்கு மட்டும் 25 வர்மங்கள் கூறப்படுகின்றன.

வர்மத்தின் இருப்பிடம், அடிபட்டோரிடம் தோன்றும் குறிகுணம், கால எல்லை, இளக்குமுறை ஆகியவற்றை இந்நூல்கள் விளக்குகின்றன. மயக்கம், வாயில் நுரை தள்ளல், பல் கிட்டுதல் போன்றவை குறிகளாகச் சுட்டப்படுகின்றன. கால எல்லை நாழிகையாலும் (24 நிமிடம்) நாளாலும் கணிக்கப்படுகிறது. அடிபட்டவர் எழுந்து நின்றதாலேயே அவர் நலமடைந்தார் என இம்மரபு கொள்ளவில்லை என்பது இதனால் புலனாகிறது.

டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோலும் கண்திறப்பு, பேச்சு, உடலசைவு ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப நோக்கப் பயன்படுவதே. எனினும் வர்ம நூல் அடிபட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. இவ்வளவுகோல் மூளையின் செயல்நிலையிலிருந்து தொடங்குகிறது. மூளையதிர்ச்சியில் சுயநினைவு தப்பாமலே தலைவலி, தலைசுற்றல், குழப்பம், மறதி தோன்றலாம். தொடர்வாந்தி, மிகுந்துவரும் உறக்கம், வலிப்பு, கண்மணிகளின் அளவு வேறுபாடு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

ஆகவே, தலைக்காயத்தைப் பொறுத்தவரை வர்ம நூல்களிலிருந்து இன்று கொள்ளத்தக்கது, அடிபட்டவரைக் காலம் கணித்து உடனிருந்து நோக்கும் அவ்வொழுக்கமே எனலாம்.