மிளகுக் கொடியும் ஜொகூரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளே மிளகின் தாயகம். கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பற்றி ஏறும் இக்கொடி, சரம் சரமாகப் பச்சை மணிகளைக் காய்க்கும். முற்றிய காயைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் கருமிளகு. பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கினால் வெண்மிளகு. முசிறிக்கு வந்த யவனக் கப்பல்கள் இதைத்தான் ஏற்றிச் சென்றன. கடல் வணிகத்தின் வழியே கிழக்கே சென்ற கொடி, சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் வேரூன்றியது. ஓர் அரசின் கருவூலத்தையும் நிர்வாகத்தையும் மிளகு எவ்வளவு தூரம் உருவாக்க முடியும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் ஜொகூர் நல்ல சான்று.

அங்கு மிளகு தனித்துப் பயிராகவில்லை. தோல் பதனிடவும் சாயமேற்றவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்படும் கம்பீர், அதாவது கத்தக்காம்பு, அதன் துணைப்பயிர். கம்பீர் இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் நெடுநேரம் காய்ச்சிக் குழம்பாக்கி, இறுகியதும் துண்டு போட்டு உலர்த்துவார்கள். சாறு இறங்கிய இலைச் சக்கை மிளகுக் கொடியின் அடிக்குப் போகும். களை முளைக்காது, ஈரம் நிற்கும், உரமும் ஆகும். கம்பீர் ஒன்றரை ஆண்டுக்குள் அறுவடைக்கு வரும். மிளகு காய்க்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் தோட்டக்காரரின் வயிற்றுப்பாட்டைக் கம்பீர் பார்த்துக்கொண்டது.

சிங்கப்பூரில் இதே பயிர்களை வளர்த்த சீனத் தோட்டக்காரர்கள், பெரும்பாலும் தியோச்சூ மக்கள், அங்கு மண் சலித்ததும் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தார்கள். ஜொகூரை நடைமுறையில் ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் அவர்களை வரவேற்று, 1844 முதல் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கினார். பத்திரம் பெற்றவர் கங்சூ, அதாவது ஆற்றுத் தலைவர். அவருடைய குடியிருப்பு கங்கார். ஸ்கூடாய், தெப்ராவ் ஆறுகளில் தொடங்கி ஆறு ஆறாகக் காடு திருத்தப்பட்டது. வரி வசூலும் ஒழுங்கும் கங்சூவின் பொறுப்பு. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமைகளும் அவர் கையில் இருந்தன. கடனோடு வந்து இறங்கிய கூலியாள், தன் சம்பளத்தை அபினுக்கே இழந்தான். அரசின் வளர்ச்சியைச் சொல்லும்போது இந்த மனிதர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

1855இல் தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பு எழுந்தது. 1866இல் அது ஜொகூர் பாரு ஆயிற்று. இப்ராஹிமின் மகன் அபுபக்கர் 1873இல் கங்சூ சட்டத்தை இயற்றி முறையை எழுத்தில் கட்டினார். 1885இல் சுல்தானாக ஏற்கப்பட்டார். மற்ற மலாய் மாநிலங்களுக்குப் பிரிட்டிஷ் ஆலோசகர்கள் வந்தபோதும் ஜொகூர் நீண்ட காலம் விலகி நிற்க முடிந்ததற்கு மிளகும் கம்பீரும் தந்த வருமானம் முக்கியக் காரணம்.

இந்த வேளாண்மைக்குள்ளேயே அதன் முடிவும் இருந்தது. கொப்பரை அடுப்புக்கு ஓயாமல் விறகு வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் மண் சத்திழக்கும். தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் போவார், பின்னால் லாலாங் புல் மண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தபின் கம்பீருக்கு இடமில்லாமல் போயிற்று, அதோடு மிளகும் சுருங்கியது. 1917இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது.

இன்று மலேசிய மிளகில் மிகப் பெரும்பகுதி சரவாக்கில் விளைகிறது. ஜொகூரில் கங்கார் தெப்ராவ், கங்கார் பூலாய் என்ற ஊர்ப் பெயர்களும், மாநிலச் சின்னத்தில் மிளகு, கம்பீர் இலை வடிவங்களும் நிலைத்திருக்கின்றன.