கப்பல் ஏறின ஆப்பிளும் வீட்டு ஆப்பிளும்

பழத்துல பூச்சிமருந்து எச்சம் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கு"ன்னு செய்தியில அடிக்கடி கேட்கிறோம். அந்த அளவை யார், எப்படி முடிவு பண்றாங்க? இதைத் தேடிப் போன நான் முதல்ல போய் நின்னது இங்கிலாந்தின் பீர் கடைகள்ல.

1900. மான்செஸ்டர் வட்டாரத்துல பீர் குடிச்ச பலருக்குக் கை, கால் மரத்துப்போச்சு. அதிகமா குடிச்சதால வந்த நரம்புக் கோளாறுன்னுதான் முதல்ல நினைச்சாங்க. எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற டாக்டர் சந்தேகப்பட்டு பீரைச் சோதிச்சார். உள்ளே ஆர்சனிக்! பீருக்கான சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்படுத்தின கந்தக அமிலம் வழியா அது வந்திருக்கு. 6,000 பேருக்கு மேல பாதிப்பு. குறைஞ்சது 70 பேர் இறந்தாங்க.

விஞ்ஞானி கெல்வின் பிரபு தலைமையில ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. 1903-ல அது ஓர் அளவு சொன்னது: ஒரு பவுண்டு உணவுல ஆர்சனிக் 0.01 கிரெயினைத் தாண்டக் கூடாது. அதாவது, சுமார் 450 கிராமுக்கு 0.65 மில்லிகிராம்.

அப்போ அமெரிக்காவில ஆப்பிளைத் துளைக்கிற புழுவைக் கொல்ல லெட் ஆர்சனேட் தெளிச்சுட்டிருந்தாங்க. ஈயம், ஆர்சனிக் ரெண்டும் சேர்ந்த மருந்து. 1925-ல லண்டன்ல விற்ற அமெரிக்க ஆப்பிள்கள்ல ஆர்சனிக் அதிகமா இருந்தது தெரிஞ்சதும், பீர் விபத்துல பிறந்த அதே அளவை பிரிட்டன் நீட்டியது. இதைத் தாண்டினா இறக்குமதிக்குத் தடைதான்னு எச்சரிக்கை.

அமெரிக்க அரசு பதறிடுச்சு. கப்பல் ஏறுற ஆப்பிளுக்கு 0.01. ஆனா, சொந்த மக்கள் சாப்பிடுற ஆப்பிளுக்கு 1927-ல வெச்ச அளவு 0.025. ரெண்டரை மடங்கு! உடனே இறுக்கினா விவசாயிகள் நொடிஞ்சுடுவாங்கன்னு அதிகாரிகளுக்குப் பயம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல பழத்தைக் கழுவினா எச்சம் குறையும். ஆனா அதுக்கு இயந்திரம் வேணும், செலவு ஆகும். உள்ளூர் அளவு படிப்படியா குறைஞ்சு 0.01-ஐத் தொட்டது 1932-லதான்.

ஒரே தோட்டம், ஒரே மருந்து. லண்டன் குழந்தைக்கு ஓர் அளவு, நியூயார்க் குழந்தைக்கு வேற அளவு. ரெண்டு வயிறும் ஒண்ணுதானே? சோதனைக்கூடம் சொல்றது எவ்வளவு எச்சம் இருக்குன்னு மட்டும்தான். எவ்வளவு வரைக்கும் பொறுத்துக்கலாம்னு முடிவு பண்றதுல வியாபாரத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கு.

இன்னைக்கு ஐரோப்பாவுக்குப் போற இந்தியத் திராட்சையைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி சோதிக்கிறாங்க. நல்ல விஷயம். நம்ம தெருமுனைத் தள்ளுவண்டித் திராட்சையை யார் சோதிச்சாங்க? இந்தக் கேள்வியை நாம விடாம கேட்கணும்.