கலீஃபாவை நாய்க்கு ஒப்பிட்ட கவிஞன்

அரபு இலக்கிய உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதை ஒன்று உண்டு. பாலையில் பிறந்து, பாலையையன்றி வேறெதையும் அறியாத இளங்கவிஞன் ஒருவன் அப்பாஸியக் கலீஃபா முதவக்கிலின் அவைக்கு வருகிறான். பெயர் அலீ இப்னு அல்-ஜஹ்ம். மன்னரைப் புகழ்ந்து பாடுகிறான். நட்பைக் காப்பதில் அவரை நாய்க்கும், இடர்களை எதிர்த்து நிற்பதில் முட்டும் ஆட்டுக்கடாவுக்கும், கொடையில் கிணற்று நீர் இறைக்கும் தோல்வாளிக்கும் ஒப்பிடுகிறான். அவையோர் கொதித்தெழுகின்றனர். கலீஃபா கையமர்த்துகிறார்.

இவன் கண்டதைத்தானே பாடுவான் என்று உணர்ந்த கலீஃபா, டைக்ரிஸ் நதிக்கரையில், சோலையும் மெல்லிய காற்றும் சூழ்ந்த ஒரு வீட்டை அவனுக்கு அளிக்கிறார். அருகே பாலம், மறுபுறம் ருஸாஃபா. சில மாதங்கள் கழித்து அவனை மீண்டும் பாடச் சொல்கிறார். இப்போது அவன் பாடுவது, ருஸாஃபாவுக்கும் பாலத்துக்கும் இடையே நடமாடும் பெண்களின் விழியழகை. இவன் மென்மையில் கரைந்தே போய்விடுவானோ என்று கலீஃபா அஞ்சியதாகக் கதை முடிகிறது.

இக்கதையின் ஈர்ப்பு எதில் இருக்கிறது? சொல்லைத் தண்டிக்காமல், சொல் பிறந்த நிலத்தை நோக்கும் ஓர் ஆட்சியாளர் அதில் இருக்கிறார். கூடாரத்தைக் காக்கும் நாயும், மந்தைக்கு முன்செல்லும் கடாவும், ஆழ்கிணற்றிலிருந்து உயிரை மேலே கொணரும் வாளியும் பாலைவாசிக்கு இழிபொருள்கள் அல்ல. இது எல்லாக் காலத்துக் கவிஞர்களும் காண விரும்பும் அவை.

ஆனால் வரலாற்றின் அருகில் வைத்துப் பார்க்கும்போது கதை நிலைகொள்வதில்லை. அலீ ஏறத்தாழ 804-ல் பிறந்தவர். அவர் தந்தை குராஸானிலிருந்து பாக்தாதுக்கு வந்து அரசுப் பதவிகள் வகித்தவர். அலீயும் கலீஃபா முஃதஸிமின் காலத்தில் ஹுல்வான் பகுதியில் மக்களின் முறையீடுகளை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தார். முதவக்கில் ஆட்சிக்கு வந்தது 847-ல். அப்போது அலீக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கலீஃபாவின் தலைநகரமும் 836 முதல் பாக்தாதில் இல்லை; வடக்கே ஸாமர்ராவில் இருந்தது. ஆக, கதையின் நாயகன் இளைஞனும் அல்லன், பாலைவாசியும் அல்லன். நகரத்தின் பிள்ளை.

அப்படியானால் இக்கதை யாருக்குத் தேவைப்பட்டது? நகரத்துக்கு என்றே நாம் கருதுகிறோம். பாலை கரடானது, நதிக்கரை அதைப் பண்படுத்தும் என்னும் நகரத்தின் தன்மதிப்பு இக்கதையில் ஒளிந்திருக்கிறது. உண்மை நேர்மாறானது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பஸ்ராவின் மொழியறிஞர்கள், தூய அரபு எது என்று அறியப் பெதூயின்களையே நாடினர். அல்-அஸ்மயீ போன்றோர் அவர்களின் வாய்மொழியிலிருந்து சொற்களையும் பாடல்களையும் திரட்டினர். பஸ்ராவின் மிர்பத் சந்தையில் ஒட்டக வணிகத்தோடு கவிதையும் கேட்கப்பட்டது. முஅல்லகாத் என்று போற்றப்படும் நெடும்பாடல்களும் இஸ்லாத்துக்கு முந்தைய பழங்குடி வாழ்விலிருந்து வந்தவையே. அம்மக்களுக்கு மென்மையை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

கதையில் வரும் பொறுமைமிக்க கலீஃபாவும் வரலாற்றில் வேறு முகம் காட்டுகிறார். முதவக்கிலின் அவைத்தோழராக இருந்த அலீ, பின்னர் அவருடைய சினத்துக்கு ஆளானார். ஓராண்டளவு சிறை, பிறகு குராஸானுக்கு நாடுகடத்தல். அங்கே கலீஃபாவின் ஆணைப்படி, ஆடை களையப்பட்டு ஒரு நாள் முழுவதும் சிலுவையில் கட்டிவைக்கப்பட்டார். சிறையையும் அந்த அவமானத்தையும் அவர் கவிதையாக்கினார். சிறைவாசம் இழிவன்று என்று நிமிர்ந்து வாதிடும் அவருடைய பாடல் இன்றும் பயிலப்படுகிறது. பாக்தாதின் மென்காற்று அளித்த பாடலுக்குச் சற்றும் குறைந்ததன்று, அடக்குமுறை ஈன்ற இப்பாடல்.

முதவக்கில் 861-ல் தம் துருக்கியக் காவலர்களால் கொல்லப்பட்டார். இரண்டாண்டுகள் கழித்து, 863-ல், பைஸாந்தியர்களுக்கு எதிரான போருக்குத் தாமாக முன்வந்து சென்ற அலீ, அலெப்போவுக்கு அருகே கல்ப் குலத்தினரின் தாக்குதலில் மாண்டார். பிற்காலக் கதை எவரைப் பெதூயினாகப் புனைந்ததோ, அவர் பழங்குடியினரின் கையாலேயே இறந்தார்.

இக்கதையைக் கைவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஓர் அரசன் எப்படிக் கவிதை கேட்கவேண்டும் என்பதை அது இன்னும் அழகாகச் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம், ஆற்றங்கரை வீட்டோடு அந்தச் சிறையையும் சேர்த்துச் சொல்வதே அக்கவிஞருக்கு நாம் செய்யும் நேர்மை.