களத்தில் எடுத்த படங்கள்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இன்று போகிறவர்களிடம், இங்கே ஏரித்தண்ணீரில் நெல் விளைந்தது என்றால் நம்ப மாட்டார்கள். 1996-ல் ஹூண்டாய் வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அதற்கு முந்தைய ஊரைப் பார்க்க நம் வீட்டு பீரோவைத்தான் திறக்க வேண்டும்.

அதிலும் ஸ்டுடியோ படங்கள் உதவாது. காஞ்சிபுரத்துக்கோ மெட்ராஸுக்கோ போய், மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரைக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்து எடுத்தவை அவை. முகம் இருக்கும், நகை இருக்கும் (சில சமயம் இரவல்), ஊர் இருக்காது.

ஊரைப் படத்துக்குள் கொண்டுவந்தது ஆக்ஃபா கிளிக் 3 மாதிரி மலிவான கேமராதான். ஒரு ரோலுக்கு 12 படம். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. ஆட்களை வெயிலுக்குக் கூட்டிவர வேண்டும். அதனால்தான் நம் அத்தைகளும் சித்திகளும் களத்திலும் கிணற்றடியிலும் நிற்கிறார்கள். பின்னால் வைக்கோற்போரும் ஏரிக்கரையும் யாரும் கேட்காமலே பதிவாகிவிட்டன.

எங்கள் வீட்டில் 1972-ல் எடுத்தது ஒன்று உண்டு. போன மாதம் அத்தையிடம் காட்டினேன். நடுவில் நிற்கும் தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. விரலை ஓரத்தில் வைத்து, "இது கீழ்மதகுடா. இந்தப் புளியமரத்துக்கு அந்தாண்ட நம்ம கழனி. கன்னுக்குட்டி ஓடிச்சு, அதான் மங்கலா விழுந்திருக்குது" என்றார். மங்கலாக ஏதோ இருந்ததை நான் அதுவரை படத்தின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். இன்று அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் மதில்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி ஸ்கேன் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். களத்துப் படங்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போன் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அந்தக் காலத்துப் போனில் எடுத்தவை எத்தனை பேரிடம் மிச்சம்?

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மேற்பூச்சு கையோடு வந்துவிடும். அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் எழுதப் பால்பென் வேண்டாம். அழுத்தினால் முகத்தில் தடம் விழும். நான் பென்சிலால் மெதுவாக எழுதியிருக்கிறேன்: கீழ்மதகு, புளியமரம், கழனி, கன்றுக்குட்டி. ஆட்கள் பெயர் அதற்குக் கீழே.